இரட்டைக் கரு: நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி பக்கம் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் கரு என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால், அன்று பொழுது சாய்வதற்குள் அவள் காதில் மூன்று கேள்விகள் விழுந்துவிடும். “ஒட்டுப்பழம் (இரண்டாக ஒட்டிய வாழைப்பழம்) தின்னியாத்தா?” “ஒங்க வழியில ரெட்டப் புள்ள உண்டா, அவுக வழியிலயா?” மூன்றாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “தானாத் தங்குச்சா, ஊசி போட்டா?” மூன்றுக்கும் அவள் என்ன பதில் சொன்னாலும், வயிற்றில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. கேட்டே தீர வேண்டிய ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா? தாயிடமிருந்து பிள்ளைக்கு உணவு சேர்க்கும் ‘பிளசென்டா’வைத்தான் நச்சுக்கொடி என்கிறோம். பதினான்கு வாரத்துக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஸ்கேன், எந்த வாரத்தில் பிரசவம், எப்போது மலையை விட்டு இறங்குவது என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகும். இரட்டைக் கரு உண்டாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறோம். நாளிதழ்கள் இரட்டையரைப் பற்றி எழுதும் முறையைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமாக ஒரு மாதவிடாய்ச் சுற்றில் ஒரு கருமுட்டைதான் முதிர்ந்து சினைப்பையிலிருந்து வெளியேறும். சில சுற்றுகளில் இரண்டு முதிர்ந்துவிடும். இரண்டும் ஒரே சினைப்பையிலிருந்தும் வரலாம், பக்கத்துக்கு ஒன்றாகவும் வரலாம். கருக்குழாயில் இவ்விரு முட்டைகளோடும் வெவ்வேறு விந்தணுக்கள் சேர்ந்தால் இரண்டு கரு. இவர்கள் இருகரு இரட்டையர். ஒரே நேரத்தில் வயிற்றில் வளர்ந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றுதான் இவர்களைச் சொல்ல வேண்டும். மரபணுவில் சாதாரண உடன்பிறப்புகளுக்குள் இருக்கும் ஒற்றுமைதான் இவர்களுக்குள்ளும் இருக்கும், சராசரியாகப் பாதி. ஆண் ஒன்று பெண் ஒன்று பிறப்பதும், ஒன்று தாயைப் போலவும் மற்றது தாத்தாவைப் போலவும் இருப்பதும் இதனால்தான்.

இரண்டு முட்டை முதிர்வதற்கு எஃப்.எஸ்.எச். என்ற ஊக்குநீர் (ஹார்மோன்) கூடுவது முக்கியமான காரணம். வயது 35-ஐத் தாண்டும்போது அது உயரும்; அதனால் அந்த வயதில் இரட்டைக் கருவின் வாய்ப்பும் கூடும். முன்பே சில பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், உயரமும் உடல் எடையும் கூடியவர்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். தாய்வழி மரபு இதில் உண்மையாகவே வேலை செய்கிறது. ஒரு பெண்ணின் அம்மாவோ அக்காவோ இருகரு இரட்டையரைப் பெற்றிருந்தால் அவளுக்கும் வாய்ப்பு கூடும். கணவன் வழியில் எத்தனை இரட்டையர் இருந்தாலும், மனைவியின் சினைப்பையில் முட்டை முதிர்வதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அந்த மரபணுவை அவர் தன் மகளுக்குக் கொடுக்கலாம். மகள் இரட்டை பெறும்போது ஊர் “ஒரு தலைமுறை விட்டு வரும்” என்கிறது. தலைமுறையை விட்டுவிட்டு வரும் விதி ஒன்றும் கிடையாது. ஆண் வழியாகக் கடந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

ஒட்டுப்பழம் விளையும் மலை இது. விருப்பாட்சிக் குலையில் ஒரு சீப்புக்கு ஒன்றிரண்டு ஒட்டிக்கிடப்பதைப் பார்க்காதவர் இங்கே இல்லை. பூவிலேயே பக்கத்துப் பக்கத்துப் பிஞ்சுகள் ஒட்டி வளர்வதால் அது அப்படி ஆகிறது. அதைத் தின்றால் சினைப்பையில் எதுவும் மாறாது. இரட்டை வேண்டும் என்று தேடித் தின்பதிலும் கேடில்லை, வேண்டாம் என்று ஒதுக்குவதிலும் கேடில்லை, நல்ல பழம். “வேணாம்னு சொன்னேன், கேக்காமத் தின்னா, இப்ப படுறா” என்று குறைமாதப் பிரசவத்துக்கு அந்தப் பழத்தையும், அதன் வழியாக அந்தப் பெண்ணையும் குற்றவாளியாக்கும்போதுதான் கேடு. இப்படிக் காரணம் தேடுவது எல்லா ஊரிலும் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கொடிஞ்சியில் இரட்டையர் மிகுதி. அங்கே தண்ணீரைக் காரணம் சொல்வோர் உண்டு. நைஜீரியாவின் இக்போ ஓராவில் ஒருவகைக் கிழங்கைச் சொல்கிறார்கள். இரண்டுமே நிறுவப்படவில்லை.

அடுத்தது ஒருகரு இரட்டையர். ஒரு முட்டை, ஒரு விந்தணு, ஒரே கரு. உருவான சில நாட்களில் அந்தக் கரு இரண்டாகப் பிரிகிறது. எதனால் பிரிகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் உறுதியான விடை கிடையாது. பொதுவாக இது மரபில் வருவதில்லை. தாயின் வயதோ உணவோ இதை மாற்றுவதில்லை. உலகம் முழுவதும் ஆயிரம் பிரசவத்துக்கு மூன்றிலிருந்து நான்கு என்ற அளவிலேயே இருக்கிறது. இவர்கள் ஒரே பாலினம். மிக மிக அபூர்வமான மரபணுக் கோளாறு தவிர்த்து இதற்கு விலக்கு இல்லை. ஆகவே ஆணும் பெண்ணுமாகப் பிறந்தவர்களைப் பார்த்து “அச்சு அசல் ஒரே கரு” என்று எழுதுவது தவறு. ஒருகரு இரட்டையருக்கும் கைரேகை ஒன்றாக இருக்காது. கருப்பைக்குள் அவரவர் கிடந்த இடமும் விரல் வளர்ந்த விதமும் அதை வேறுபடுத்திவிடும்.

கரு எந்த நாளில் பிரிந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நச்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். ஒருகரு இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி. நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நச்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. மூன்றில் இரண்டு பங்கு இந்த வகை. எட்டாம் நாளுக்குப் பின் பிரிந்தால் நச்சுக்கொடியும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. நூற்றில் சிலருக்கே இப்படி நேரும், தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதில் இருக்கிறது. பதின்மூன்று நாளுக்கு மேல் ஆகியும் பிரிவு முழுமையாகாவிட்டால் ஒட்டிப் பிறக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். மருத்துவமனைக்குள்ளும் இது கேட்கிறது. “நச்சுக்கொடி ரெண்டு, அப்ப இது வேற வேற கரு” என்று பிரசவ அறையிலேயே சொல்லிவிடுகிறார்கள். முதல் மூன்று நாளில் பிரிந்த ஒருகரு இரட்டையருக்கும் நச்சுக்கொடி இரண்டுதான். இருகரு இரட்டையரின் இரண்டு நச்சுக்கொடிகள் பக்கத்தில் பதிந்து, ஒட்டி, ஒன்றுபோல் தெரிவதும் உண்டு. இரண்டு நச்சுக்கொடியோடு ஒரே பாலினமாகப் பிறந்தவர்கள் எந்த வகை என்பதை உறுதியாகச் சொல்ல மரபணுச் சோதனை தேவை. அது தெரியாமலே வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாம், பாதகமில்லை. ஆனால் நச்சுக்கொடியின் எண்ணிக்கை கர்ப்பக் காலத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

ஏன் என்றால், ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் பிள்ளைகளின் இரத்தக் குழாய்கள் அந்தக் கொடிக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பெரும்பாலும் இந்தப் பக்கம் போகும் அளவும் அந்தப் பக்கம் வரும் அளவும் ஈடாகிவிடும். நூற்றில் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு அந்த ஈடு கெடுகிறது. ஒரு பிள்ளையிடமிருந்து இரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கும் பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றும், வளர்ச்சி நின்றுபோகும். பெறும் பிள்ளைக்கு நீர் பெருகும், இதயம் சுமை தாங்காமல் தளரும். டி.டி.டி.எஸ். என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் 16-லிருந்து 26 வாரத்துக்குள் இது தலைகாட்டும். கடுமையாகிவிட்ட நிலையில் சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளையும் இழக்க நேரிடும். சிகிச்சை இருக்கிறது: கருப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, இணைந்த இரத்தக் குழாய்களை லேசரால் அடைப்பது. சென்னை போன்ற பெருநகரங்களில் செய்கிறார்கள். உரிய வாரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் மலையில் இருப்பவருக்கான சிக்கல். வயிறு நான்கைந்து நாளில் திடீரென்று பெருத்து, இறுகி, மூச்சு வாங்கினால் “ரெட்டையில்ல, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள். அன்றே ஸ்கேன் தேவை.

நச்சுக்கொடியை எண்ணச் சரியான காலம் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை. நச்சுக்கொடி இரண்டென்றால், பிள்ளைகளைப் பிரிக்கும் தடுப்பு நச்சுக்கொடியில் சேரும் இடத்தில் ஆப்பு வைத்ததுபோல் தடித்துத் தெரியும். லாம்டா குறி என்பார்கள். ஒன்றென்றால் மெல்லிய சவ்வு நேராக வந்து குத்தி நிற்கும், ஆங்கில எழுத்து ‘டி’ போல. வாரம் ஏற ஏற இந்த ஆப்பு மறையும். இருபதாம் வாரத்துக்கு மேல் முதல் ஸ்கேனுக்கு வந்தால், கைதேர்ந்தவருக்கும் உறுதியாகச் சொல்வது கடினம். பலர் ஐந்தாம் மாதம்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதனால் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். நாள் தள்ளியதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, மூன்றாம் மாத முடிவுக்குள் ஸ்கேனை முடித்துவிட வேண்டும். அறிக்கையில் “இரட்டைக் கரு” என்று மட்டும் இருந்தால் போதாது. நச்சுக்கொடி எத்தனை, பனிக்குடம் எத்தனை என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அந்தப் படத்தையும் கையில் வைத்திருங்கள்.

ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். இரட்டை என்றால் “ஒண்ணாவது பையனா இருக்குமா” என்று நைச்சியமாகக் கேட்பவர்கள் உண்டு. அதுவும் அதே குற்றம்தான்.

நச்சுக்கொடி இரண்டு என்றால் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். 37-ஆம் வாரத்தையொட்டிப் பிரசவம். நச்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு என்றால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். 36-லிருந்து 37 வாரத்துக்குள் பிரசவம். பனிக்குடமும் ஒன்றே என்றால் 32-லிருந்து 34 வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை. இவை சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கான கணக்கு. மன்னவனூரிலிருந்தோ பாச்சலூரிலிருந்தோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு இறங்கி ஏறுவது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் யாருக்கு அது கட்டாயம், யாருக்கு இல்லை என்பதை முதலிலேயே பிரித்தறிய வேண்டும் என்கிறோம்.

இந்தக் கணக்கு தெரியாததால் வீடுகளில் புழங்கும் ஒரு கொடிய பேச்சு உண்டு. ஒன்று இரண்டரைக் கிலோவும் மற்றது ஒன்றரைக் கிலோவுமாகப் பிறந்தால், பெரியதைக் காட்டி “வயித்துக்குள்ளயே இன்னொண்ணோடதையும் புடுங்கித் தின்னுட்டான்” என்கிறார்கள். அந்தப் பிள்ளை ஐந்து வயதில் இதைக் கேட்கிறது, பத்து வயதில் கேட்கிறது, கல்யாணப் பந்தியில்கூடக் கேட்கிறது. நச்சுக்கொடியில் ஒருவருக்குக் கிடைத்த பங்கு பெரிது, மற்றவருக்குச் சிறிது. அல்லது குழாய் இணைப்பில் ஈடு கெட்டது. அதில் பிள்ளையின் பேராசை எங்கே இருக்கிறது? ஆபத்து இருவருக்குமே இருந்தது, டி.டி.டி.எஸ்ஸில் பெற்றுக்கொண்ட பிள்ளைக்குத்தான் இதயம் களைத்துப்போகிறது. சிறியதை “நோஞ்சான்”, “சவலை” என்று கூப்பிடுவதும் அப்படியே. எடை கூடிவிடும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிடும்.

மூத்தது எது என்ற வழக்கையும் பார்க்கலாம். “முதல்ல உள்ள போனது கடைசியில வரும், அதனால ரெண்டாவதாப் பொறந்ததுதான் அண்ணன்” என்று சில குடும்பங்களில் வாதிடுகிறார்கள். ஒருகரு இரட்டையருக்கு முன் பின் என்ற பேச்சே இல்லை. இருவரும் ஒரே கரு. இருகருவிலும் முட்டைகள் பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளிக்குள் வெளியேறுகின்றன. கருப்பை வாய்க்கு அருகில் இருக்கும் பிள்ளை முதலில் வருகிறது. ஸ்கேனில் அதற்கு ‘முதல் பிள்ளை’ என்று பெயரிடுவார்கள். அறுவைச் சிகிச்சையில் மருத்துவர் கைக்கு முதலில் கிடைப்பது சில வேளை மற்றதாக இருக்கும். அப்போது ஸ்கேனில் ஒன்றாம் எண் பெற்ற பிள்ளை, பிறப்பில் இரண்டாம் எண் ஆகிவிடும். ஸ்கேனில் ஒரு பிள்ளைக்கு இதயத்திலோ சிறுநீரகத்திலோ குறை கண்டிருந்தால், பிறந்தபின் எது அந்தப் பிள்ளை என்பதை மீண்டும் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். எண் மாறியதைக் கவனிக்காமல் விட்டால் தவறான பிள்ளைக்குச் சோதனை நடக்கும். பிறப்புச் சான்றிதழ் இரண்டு, தடுப்பூசி அட்டை இரண்டு, பிறந்த நேரம் தனித்தனியே. கீர்த்தனா, கீர்த்திகா என்று பெயர் வைப்பது பெற்றோர் உரிமை. ஆனால் ஒரே முன்னெழுத்து, ஒரே பிறந்தநாள், முக்கால்வாசி ஒரே பெயர் என்றால் மருந்துச் சீட்டும் ஊசிக் கணக்கும் மாறிவிடும் என்பதைப் பெயர் வைக்கும் முன் நினைத்துக்கொண்டால் நல்லது.

ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு என்று பிறந்துவிட்டால் தாயின் மேல் சந்தேகக் கண் வைப்பதும் நடக்கிறது. ஒரே பெற்றோருக்கு இரண்டு வருட இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பிக்குள் இருக்கும் நிற வேறுபாட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை. இருகரு இரட்டையரும் அப்படித்தான். வெவ்வேறு முட்டை, வெவ்வேறு விந்தணு, தாத்தா பாட்டியின் சாயல் வெவ்வேறு கலவையில். சிரித்துக்கொண்டே சொல்லப்படும் இந்தச் சொல்லால் குடும்பங்கள் உடைகின்றன.

ஊசி போட்டா என்ற கேள்விக்கு வருகிறோம். கருமுட்டை வளரக் குளோமிஃபீன் மாத்திரை எடுத்துக் கருத்தரித்தவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இரட்டையாகிறது. ஊக்குநீர் ஊசிகளில் அது இன்னும் கூடுதல். சோதனைக் குழாய் முறையில் இரண்டு கருக்களை வைப்பதால்தான் பெரும்பாலும் இரட்டை வருகிறது. ஒரே கருவை வைத்தாலும் அது பிரிந்து இரட்டையாவது சிறு அளவில் உண்டு. இவற்றைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஒரு குறிப்பிட்ட பெண்ணிடம் அவள் எந்த வழியில் கருத்தரித்தாள் என்று நடையில் நின்று கேட்பதுதான் தவறு. அது அவளுடைய மருத்துவக் குறிப்பு. கேட்க வேண்டியவர் அவளுடைய மருத்துவர் மட்டுமே. மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது, கருவின் வயதைக் கணக்கிட அது உதவும். இரட்டை வேண்டும் என்ற ஆசையில் மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கி விழுங்குவோருக்கு ஒரு சொல். இந்த மருந்தை எடுக்கும்போது ஸ்கேனில் எத்தனை முட்டை முதிர்கிறது என்று பார்த்தாக வேண்டும். அளவு மீறி முதிர்ந்தால் அந்தச் சுற்றையே மருத்துவர்கள் கைவிடுவார்கள்; மூன்று, நான்கு கரு தங்குவதும், சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோப்பதும் நேரும் என்பதே காரணம்.

இரட்டையைச் சுமப்பவருக்கு இரத்தசோகை எளிதில் வரும். கொடைக்கானல், மன்னவனூர் உயரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. காற்றில் உயிர்வாயு குறைந்த உயரத்தில் உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். ஆகையால் 2,000 மீட்டருக்கு மேல் 11 கிராம் என்று வரும் அளவு, சமவெளியில் ஏறத்தாழ ஒரு கிராம் குறைவாக இருப்பதற்குச் சமம். “பதினொண்ணு இருக்கு, போதும்” என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும். குளிருக்கு மணிக்கொரு டீ குடிக்கும் மலை இது. டீயோடு மாத்திரையைப் போட்டாலோ, சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலோ இரும்பு உடம்பில் ஒட்டாது. முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையரில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். அதனால் மலையிறங்கும் நாளை வலி வரும்வரை தள்ளிப்போட முடியாது. வத்தலக்குண்டு மலைச்சாலை ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டிகளால் அடைத்துக்கொள்ளும்; ஐப்பசி, கார்த்திகையில் மரமும் மண்ணும் சரியும். 2018 நவம்பரில் கஜா புயலில் கொடைக்கானல் பாதைகள் மரம் விழுந்து அடைபட்டதை யாரும் மறக்கவில்லை. சாலை எட்டாத மலைக் கிராமங்களில் டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும். நச்சுக்கொடி இரண்டு என்றால்கூட 34 வாரத்துக்குள், மழைக்காலம் என்றால் இன்னும் முன்பே, திண்டுக்கல், தேனி, மதுரை என எந்த அரசு மருத்துவமனையில் பிரசவமோ அதன் பக்கத்தில் போய்த் தங்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வயிறு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறுகி விடுவது, நீர் கசிவது, இரத்தம் படுவது, தலைவலியோடு கண் மங்குவது, முகம் வீங்குவது, மேல் வயிற்றில் வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் 108. 34 வாரத்துக்கு முன் வலி கண்டால், பிள்ளையின் நுரையீரல் முதிர டெக்சாமெத்தசோன் ஊசி, 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். மலையிறங்கும் மூன்று மணி நேரம் அப்போதுதான் வீணாகாது. வழியிலோ சிறு நிலையத்திலோ ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், வயிற்றில் இன்னொன்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து உறுதிசெய்யாமல் கருப்பையைச் சுருக்கும் ஊசியைப் போடவே கூடாது. இரண்டாவது பிள்ளை பிறந்தபின் உடனே போட வேண்டும். அளவுக்கு மீறி விரிந்த கருப்பை தானாகச் சுருங்காமல் இரத்தப்போக்கு ஏற்படுவது இரட்டைப் பிரசவத்தில் அதிகம்.

வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்) தொட்டு வைக்க வேண்டாம், கழுதைப்பால் வேண்டாம், உரைமருந்து வேண்டாம். எடை குறைந்த பிள்ளைக்குச் சப்பும் வலு இல்லையென்றால் பீச்சிய தாய்ப்பாலைப் பாலாடை என்ற சிறு கிண்ணத்தில் இரண்டு மணிக்கொரு தரம் கொடுக்கிறார்கள். “ரெண்டு பேருக்கு எங்க பத்தும்” என்று சொல்லித் தாயைக் கலங்கடிக்காதீர்கள். இரண்டு வாய் சப்பும்போது, இரண்டு தரம் பீச்சும்போது, பால் இரண்டுக்கும் சுரக்கும். குளிருக்குக் கரிக்கணப்பை மூடிய அறைக்குள் வைத்தால் அதன் புகையில்லா நச்சு வாயு தாயையும் பிள்ளைகளையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். வெறும் மார்போடு ஒட்டி அணைத்து, மேலே போர்த்தி, தலைக்குக் குல்லா போட்டுவிடுவதே சிறந்த கணப்பு. தாய் ஒன்றையும் தகப்பனோ பாட்டியோ மற்றதையும் அணைக்கலாம். உதவ நினைப்பவர் ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள், இல்லையென்றால் துணி துவைத்துக் கொடுங்கள்.

“ரெண்டுல ஒண்ண எங்களுக்குக் குடுத்துரு” என்று விளையாட்டாகச் சொல்லாதீர்கள். பிள்ளையில்லாத நாத்தனாரை அருகில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வோர் உண்டு. அந்த ஒரு சொல் தாய்க்கும் வலி, நாத்தனாருக்கும் வலி. வளர்ந்தபின் அந்தப் பிள்ளை தன்னை மிச்சம் என்று நினைக்கவும் இடம் கொடுக்கிறது. இரண்டும் பெண் என்றால் உச்சுக் கொட்டுவது அதைவிட மோசம். பள்ளியில் “ஏய் ரெட்ட” என்று அழைக்காமல் அவரவர் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியவில்லை என்றால் “குண்டு”, “ஒல்லி”, “கருப்பு” என்று பிரிக்காமல், “நீ யாருப்பா?” என்று கேட்டாலே பிள்ளை சொல்லிவிடும்.

நாளிதழ்களிடம் நாங்கள் கேட்பது சில சொற்கள். ‘சயாமிய இரட்டையர்’ வேண்டாம். 1811-இல் சயாமில் (இன்றைய தாய்லாந்து) பிறந்த இரு சகோதரர்களைக் காட்சிப் பொருளாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்தின் பெயர் அது. ‘ஒட்டிப் பிறந்த இரட்டையர்’ போதும். ‘அதிசயக் குழந்தை’, ‘விநோதப் பிறவி’, ‘கடவுள் அவதாரம்’ வேண்டாம். முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் போடாதீர்கள். ‘ஒரே மாதிரி’ என்று எழுதுமுன் ஒருகருவா இருகருவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் ‘இரட்டையர்’ என்றே விடலாம். சிகிச்சையில் பிறந்தவர்களா என்பது செய்திக்குத் தேவைப்படாத இடத்தில் அதை எழுத வேண்டியதில்லை.

ஒன்றை இழந்த வீட்டைப் பற்றி. தொடக்க ஸ்கேனில் இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்று கரைந்துபோவது பலரும் நினைப்பதைவிட அதிகம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்காவது நேர்கிறது. தாய் குனிந்ததாலோ குடம் தூக்கியதாலோ அது நடப்பதில்லை. பெரும்பாலும் அந்தக் கருவின் குரோமோசோமிலேயே குறை இருக்கும். பின் மாதங்களில் ஒன்று இறந்தால், நச்சுக்கொடி ஒன்றா இரண்டா என்ற கேள்வி மறுபடி வருகிறது. இரண்டு என்றால் மற்றதற்கு ஆபத்து குறைவு. ஒன்று என்றால் அதன் மூளைக்கு இரத்தம் குறைந்திருக்கக்கூடும் என்பதால் உடனே பெரிய மருத்துவமனையில் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் “ஒண்ணாவது மிஞ்சுச்சே, அத நெனச்சு ஆறுதலாயிரு” என்று சொல்லாதீர்கள். ஒரே நாளில் ஒரு பிள்ளைக்குப் பாலூட்டி, மற்றதைப் புதைக்க அனுப்புகிறவள் அவள். போன பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இருக்கும் பிள்ளையை ‘ஒத்தை’ என்று அழைக்காதீர்கள். அது பிறந்த நாளில், இன்னொன்றும் பிறந்தது என்று தாய் சொன்னால் நிறுத்தாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பணியில் உள்ள செவிலியர்கள் சிலர்,
கொடைக்கானல் வட்டம், பழனி மலை.